நட்சத்திரக் கண்ணாடிக்கு வைத்த பொட்டு

கண்ணாடி தேய்க்கிற தொழிலில், வேகமாக வேலை செய்கிறவளைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்புவார்கள். இதை எனக்கு முதன்முதலில் சொன்னவள் கன்னியம்மா. 1988 சித்திரையில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், காலை ஒன்பது மணிக்கெல்லாம் சொல்லிவிட்டாள். அடுப்பில் ஒன்று, அம்மியில் ஒன்று என்று பம்பரமாகச் சுற்றுவதுதான் பெருமை என்று அதுவரை நினைத்திருந்தேன். உங்களில் பாதிப் பேர் அப்படித்தான் வளர்ந்திருப்பீர்கள். அப்படிப்பட்டவளைப் பிடித்து, ‘மெதுவாகச் செய், இன்னும் மெதுவாகச் செய்’ என்றால் எப்படி இருக்கும்? கை கால் எல்லாம் அரிக்கும்.

நாங்கள் தேய்த்தது முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை. நீலகண்டன் சார் என்று ஒரு விஞ்ஞானி. கண்ணாடியைப் பற்றியே ஆராய்ச்சி செய்து படித்தவர். அவர் ஒரு தகர ஷெட்டில், நட்சத்திரம் பார்க்கிற ஆராய்ச்சிக்காரர்களுக்கு டெலஸ்கோப் கண்ணாடியும், இரத்தம் பார்க்கிற ஆராய்ச்சிக்காரர்களுக்கு மைக்ராஸ்கோப் தட்டும் செய்து கொடுத்தார். தேய்க்கிறவர்கள் நானும் கன்னியம்மாவும் மட்டும். அவள் குத்தம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். அவளுடைய அம்மா நாற்று நட்டவள். கன்னியம்மா என்னைவிட ஆறு வயது சின்னவள், வேலையில் ஐந்து வருஷம் மூத்தவள். அதனால் ‘யக்கா’ என்று கூப்பிட்டுக்கொண்டே திட்டுவாள்.

நான் எட்டாவது வரை படித்தவள். எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். பாடியில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியை அந்த வருஷம் கதவடைத்துவிட்டார்கள். இரண்டு பிள்ளைகளோடு கள்ளிக்குப்பத்தில் இருந்தோம். ஆறு மாதம் டெம்பரரி, வேலை பிடித்திருந்தால் ஐப்பசியில் பெர்மனென்ட் என்று சார் சொல்லியிருந்தார். அந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டில் உலை கொதித்தது இந்த வேலையை நம்பித்தான்.

நான் போனபோது மேடையில் ஒரு கண்ணாடி இருந்தது. நாலு பேருக்குச் சோறு வடிக்கிற தட்டு அளவு. நாலு விரல் தடிமன். வசந்தா மேடம் என்று மலைமேல் இருந்துகொண்டு வானத்தை ஆராய்ச்சி செய்கிறவருக்காகச் செய்தது. ஏதோ ஒரு நட்சத்திரம் மங்கி மங்கிப் பிரகாசிக்கிறதாம், அது ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். ஐப்பசிக்குள் கண்ணாடி மலைக்குப் போக வேண்டும். பனிக்காலத்தில்தான் அங்கே வானம் துலக்கமாக இருக்கும். தவறினால் அவருக்கு ஒரு வருஷம் போய்விடும். அந்தக் கண்ணாடியைத்தான் என் கையில் கொடுத்தார்கள். முருகா என்று வாங்கிக்கொண்டேன்.

தொட்டால் வீங்கும்

தேய்த்த கண்ணாடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் இருட்டு அறை. ஒரு பக்கம் கண்ணாடியை நிறுத்தி, இன்னொரு பக்கம் ஊசி முனை அளவு ஒரு வெளிச்சம் வைப்பார்கள். திரும்பி வருகிற வெளிச்சத்தை ஒரு சவர பிளேடின் விளிம்பால் மெல்ல மறைத்துக்கொண்டே பார்த்தால், கண்ணாடியின் மேடு பள்ளம் எல்லாம் நிலா மாதிரித் தெரியும். முதல் தடவை நான் பார்த்தபோது, சார் ஒரு வேடிக்கை காட்டுகிறேன் என்று போய், கண்ணாடியின் மேல் கட்டைவிரலை ஒரு நிமிஷம் வைத்துவிட்டு எடுத்தார். பார்த்தால், விரல் வைத்த இடத்தில் ஒரு குன்று! விரலின் சூட்டுக்கே கண்ணாடி வீங்கிவிட்டது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் கழித்துத்தான் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

அதனால் தேய்த்தவுடன் பார்க்கக் கூடாது. காலையில் தேய்த்தால் மத்தியானம் வரை கண்ணாடியை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். “இவ்வளவு கல்லு மாதிரி இருக்கு, ஒரு விரல் சூடு தாங்கலையே” என்று நான் அங்கலாய்த்தேன். கன்னியம்மா கண்ணை எடுக்காமலே சொன்னாள்: “எம் மாமியார் மாரிதான் கீது யக்கா. தொட்டா பொசுக்குனு வீங்கிக்கும். நாம ஒண்ணியும் பண்ணக் கூடாது, அதுவா அடங்கணும்.”

நூற்றெட்டு

பாலிஷ் போடுவது எப்படி என்றால், தார் மாதிரிக் கறுத்த கீலால் செய்த வட்டத் தட்டின்மேல் சிவப்புப் பொடியைக் கரைத்து விட்டு, கண்ணாடியை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். கொஞ்சம் தள்ளியதும் ஓர் அடி நகர்ந்து நின்று, மறுபடி அதே அளவு. மேடையைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும், கோயில் பிராகாரம் சுற்றுகிற மாதிரி. எல்லாப் பக்கமும் ஒரே அளவு தேயாவிட்டால் கண்ணாடி கோணிவிடும். எனக்கு எண்ணிக்கை நிற்காது. அதனால் ஒரு தள்ளுக்கு ஒரு ‘முருகா’ என்று வைத்துக்கொண்டேன். நூற்றெட்டு முடிந்ததும் ஓர் அடி.

ஒரு நாள் சார் என் பின்னால் வந்து நின்று, “தாயம்மா, வாய் என்ன அசைகிறது?” என்றார். என் பெயர் சண்முகத்தாய். அவருக்குத் தாயம்மா. வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே உண்மையைச் சொன்னேன். அவர் மத்தியானம் வரை பொறுத்திருந்து, கண்ணாடியைக் கொண்டுபோய் இருட்டு அறையில் பார்த்தார். வெளியே வந்து, “நாளைக்குப் பன்னிரண்டு சுற்று முருகன் போடுங்கள்” என்று சொல்லிவிட்டு, குறிப்பு நோட்டில் ‘மு. 108 x 12’ என்று எழுதினார். அதிலிருந்து நோட்டு முழுக்க ‘மு’தான்.

ஆடி மாதம் டெல்லியிலிருந்து ஒரு பெரிய விஞ்ஞானி எங்கள் ஷெட்டைப் பார்க்க வந்தார். தமிழ்க்காரர்தான். நோட்டைப் புரட்டி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்து, “இந்த ‘மு’ என்பது என்ன அளவு?” என்று கேட்டார்.  நீலகண்டன் சார் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் பதில் சொன்னார்: “நூற்றெட்டு மு போட ஏறக்குறைய இரண்டு நிமிஷம் ஆகும். ஆனால் ஆளை மாற்றினால் வேலை செய்யாது.”

காலி பண்ணாத அணு

இரத்த ஆராய்ச்சிக்காரர்களில் அடிக்கடி வருகிறவர் அருளப்பன் டாக்டர். இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள்தான் அவருக்கு உலகம். அவை நோய்க்கிருமியை எப்படிக் கண்டுபிடித்துப் போய்த் தின்கின்றன என்று பார்த்துக்கொண்டே இருப்பார். அணுக்களை எண்ணுவதற்கு, பொடிப்பொடியாகக் கட்டம் போட்ட கண்ணாடித் தட்டு ஒன்று வேண்டும். அதில் ஒன்றை நான் பாலிஷ் போட்டுக் கொடுத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து அவரே அதைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்தார். கோபமாக இல்லை. கோபமாக வந்திருந்தால்கூடத் தேவலை. சிரித்துக்கொண்டே வந்தார்.

“அம்மா, இந்த மூலையில் ஒரு வெள்ளை அணு இருக்கிறது பாருங்கள். ஆள் மாற்றி ஆள் இரத்தம் வைத்துப் பார்த்துவிட்டேன். எல்லோருக்கும் இதே மூலையில், இதே அளவில் ஒன்று இருக்கிறது. கழுவினாலும் காலி பண்ண மாட்டேன் என்கிறது.” மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அது நான் தேய்க்காமல் விட்ட ஒரு குழி. மூன்று வாரமாக அவர் எழுதின கணக்கெல்லாம் என்னால் கெட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் பதறிப்போய், என்னைத் தேற்றுவதற்காக என் விரலிலேயே குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, வேறு ஒரு தட்டில் வைத்துக் காட்டினார்.

சிவப்பு அணுக்கள் சில்லறையாகக் குவிந்து கிடக்க, நடுவே ஒன்று மட்டும் நத்தை மாதிரி, இடுக்கில் புகுந்து புகுந்து நகர்ந்துகொண்டிருந்தது. நான் சொல்லாமல், எனக்குத் தெரியாமல், எனக்காக அது காவல் சுற்றுகிறது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். கன்னியம்மா என்னைத் தள்ளிவிட்டுத் தானும் குனிந்து பார்த்தாள். பிறகு டாக்டரிடம் சொன்னாள்: “இன்னா சார் இது, யக்கா ஒடம்புக்குள்ள ஆவடி பட்டாளமே கீது! அதான் ஒரு நாள் லீவு போட மாட்டேங்குது.”

டீ டைம் வரை நட்சத்திரம் இல்லை

எங்களுக்கு அடுத்த ஷெட்டில் தகரம் அடிக்கிற பிரஸ் மிஷின். அது ஒவ்வொரு தடவை ‘டொம்’ என்று இறங்கும்போதும் எங்கள் இருட்டு அறையில் வெளிச்சப் புள்ளி எகிறிக் குதிக்கும். வசந்தா மேடம் ஆவணியில் ஒரு தடவை கண்ணாடியைப் பார்க்க வந்தார். கண்ணை வைத்தார், எடுத்தார், வைத்தார். “ஏன் சார், நட்சத்திரம் இங்கே ஆட்டம் போடுகிறதே?” என்றார். சார் போய் அந்த ஷெட்டு ஃபோர்மேனிடம் கெஞ்சினார். பதினொரு மணிக்கு அவர்களுக்கு டீ டைம், பத்து நிமிஷம் மிஷின் நிற்கும், அப்போது பார்த்துக்கொள்ளுங்கள் என்று உடன்பாடு ஆனது. அன்றிலிருந்து வானசாஸ்திரம் முழுவதும் அந்தப் பத்து நிமிஷத்துக்குள்தான்.

அந்த ஃபோர்மேனுக்கு, தன் மிஷினைவிடப் பெரிய ரகசியம் என்ன உள்ளே நடக்கிறது என்று ஒரே ஆவல். ஒரு நாள் டீ கிளாசோடு வந்து நின்றார். சார் அவரையும் பார்க்கச் சொன்னார். கண்ணாடியில் கோணல் இருந்தால் மேடு பள்ளம் தெரியும். அந்தச் சோதனையில், எதுவும் தெரியாமல் ஒரே சாம்பல் நிறமாக இருந்தால்தான் கண்ணாடி நல்ல கண்ணாடி. நாலு மாத உழைப்பில் அன்று எங்கள் கண்ணாடி அப்படித்தான் இருந்தது. ஃபோர்மேன் ஒரு கண்ணால் பார்த்தார், மறு கண்ணால் பார்த்தார், நிமிர்ந்து சாரைப் பார்த்தார்: “இன்னா சார், உள்ள ஒண்ணியுமே காணோம்! இதுக்கா தெனைக்கும் என் வாயில டீயை வெச்சிகினு உங்களுக்கு டைம் பாத்துகினு கீறேன்?”

பொட்டு

இனிமேல் சொல்லப்போவது நான் செய்த தப்பு. சரஸ்வதி பூஜைக்கு முந்தைய வாரம் கண்ணாடி முடிந்துவிட்டது. மூடி போட்டு மேடையில் வைத்திருந்தோம். பூஜைக்கு மறுநாள் மேடம் வந்து கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு எடுத்துப்போக வேண்டும். எனக்குப் பெர்மனென்ட் ஆக இன்னும் பத்தே நாள்.

ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஸ்பானர் முதல் சைக்கிள் வரை சந்தனம் குங்குமம் வைக்காமல் விடமாட்டோம். அன்றைக்கு மட்டும் வேலையின்போது புடவைக்கு மேலே மாட்டுகிற கோட்டைப் போடாமல், பட்டுப் புடவையோடு போயிருந்தேன். முதலில் எமரிப் பொடி வைத்து முரட்டுத் தேய்ப்பு தேய்க்கிற அறைக்குப் போய், மிஷின்களைத் துடைத்துப் பொட்டு வைத்தேன். பிறகு பாலிஷ் அறை. எல்லாவற்றுக்கும் வைத்தாயிற்று, ஆறு மாதம் நான் சுற்றிச் சுற்றி வந்த இதற்கு மட்டும் வைக்காமல் போவதா? மனசு கேட்கவில்லை. தினமும் சிவப்புப் பொடியால் தேய்க்கிற கண்ணாடிதானே, ஒரு சிவப்புப் பொட்டு என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். மூடியைத் தூக்கி, நட்ட நடுவில், நெற்றிக்கு வைக்கிற மாதிரி ஒரு பொட்டு வைத்துக் கும்பிட்டேன்.

கன்னியம்மா பொரி வாங்க வந்தவள் பார்த்துவிட்டாள். “யக்கா! இன்னா பண்ணிகினு கீற!” என்று அவள் கத்தவும், நான் பயந்துபோய் முந்தானையால் சட்டென்று துடைத்துவிட்டேன். குங்குமம் போய்விட்டது. அதன் இடத்தில் சுண்டுவிரல் நகத்தின் நீளத்துக்கு, முடி மாதிரி ஒரு கீறல். குங்குமம் செய்யவில்லை. முரட்டு அறையில் மிஷினைத் துடைத்தபோது முந்தானையில் ஒட்டிக்கொண்ட எமரிப் பொடி செய்தது. கீறலை எடுக்க வேண்டுமானால் மறுபடி முதலிலிருந்து தேய்க்க வேண்டும், மூன்று மாதம். மேடத்தின் பனிக்காலம் போய்விடும். என் வேலையும் போய்விடும். கன்னியம்மா விளக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். கடைசியில் என் காதருகே வந்து சொன்னாள்: “நீ வாயத் தொறக்காத யக்கா. நாளைக்கு லைட்ட நான்தான் புடிப்பேன். அந்தப் பக்கமே காட்ட மாட்டேன்.”

பத்து நாள்

சாயங்காலம் வீட்டில், பிள்ளைகள் சுண்டலை வைத்துக்கொண்டு சண்டை போட, நான் பூஜை இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். முருகனிடம் என்ன கேட்பது என்றே தெரியவில்லை. கீறலை மறைத்துவிடு என்று கேட்டால் சாமிக்கே சிரிப்பு வரும். மறைத்துவிட்டால் அந்தம்மா மலைமேல் போய்க் குளிரில் உட்கார்ந்து, நட்சத்திரம் ஏன் மங்குகிறது என்று தேடிக்கொண்டே இருப்பார். மங்குவது நட்சத்திரமா, என் முந்தானையா? மூன்று வாரம் அந்தக் குழியை அணு என்று எண்ணிய டாக்டரின் முகம்தான் கண்முன் வந்தது.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நல்ல மனுஷர்தான். ஆனால் வேலை இல்லாமல் ஏழு மாதமாக வீட்டில் இருக்கிற ஆணின் மனசு உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பினார். பிறகு, “ஏ பிள்ள, பத்து நாள்ல பெர்மனென்ட் ஆனதும் போய்ச் சொல்லு. அதுவரைக்கும் அந்த நட்சத்திரம் எங்கயும் ஓடியா போயிரும்?” என்றார்.

ஒரு கீறலுக்கு இரண்டு பேர்

மறுநாள் காலை, சார் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். நின்று யோசித்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். கன்னியம்மா குறுக்கே பாய்ந்தாள். “அது பேச்சக் கேக்காத சார். பொட்டு வெச்சது நான், தொடச்சது நான். நான் பெர்மனென்ட், என்னை இன்னா பண்ணிடுவ நீ?” என்றாள். நான் இல்லை நான் என்க, அவள் இல்லை நான் என்க, அடுத்த ஷெட்டு ஆட்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

சார் விளக்கை வாங்கிக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். ஸ்கேல் வைத்து அளந்தார்.   “எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஆனால் கண்ணாடி என்னுடையது இல்லை. மேடம் வரட்டும், அவர் சொல்லட்டும்” என்று மட்டும் சொன்னார். உள்ளே போகிறவர் திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தார்: “இத்தனூண்டு கீறலுக்கு இரண்டு பேர் எதற்கு? ஒருத்தர் போய் டீயாவது போடுங்கள்.”

நடுவில்

மேடம் பதினொரு மணிக்குச் சரியாக வந்தார். சார் என்னையே சொல்லச் சொன்னார். சொன்னேன். பொட்டு, முந்தானை, எமரி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். கன்னியம்மா விளக்கைப் பிடித்தாள். கீறல் இருக்கிற பக்கமே காட்டினாள். மேடம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். “சரியாக நடுவிலா வைத்தீர்கள்?” என்று கேட்டார். “நெற்றிக்கு வைக்கிற மாதிரி நட்ட நடுவில்தான் வைத்தேன் மேடம்” என்றேன். அவர் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, கண்ணாடியின் முன்னால் அந்தரத்தில் பிடித்தார். கண்ணாடியின் நடுவில் விழுந்த அதன் நிழலைக் காட்டினார்.

டெலஸ்கோப்புக் குழாயில் பெரிய கண்ணாடிக்கு எதிரே, நடுவில் சின்னதாக இன்னொரு கண்ணாடி தொங்குமாம். அதன் நிழல் எப்போதும் பெரிய கண்ணாடியின் நடுவில் விழுந்துகொண்டே இருக்குமாம். அந்த வட்டத்துக்குள் எந்த நட்சத்திரத்தின் வெளிச்சமும் வந்து சேராது. என் கீறல் முழுவதும் அந்த வட்டத்துக்குள் கிடந்தது. மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்கள் சொல்லாமல் விட்டு, நான் மலையில் போய்ப் பார்த்திருந்தால், கண்ணாடி முழுவதையும் சந்தேகப்பட்டு அந்தப் பனிக்காலத்தையே வீணாக்கியிருப்பேன். ஓரத்தில் வைத்திருந்தால் இப்போது உங்களோடு சேர்ந்து அழுதிருப்பேன். நல்லவேளை, சாமிக்கு வைக்கிற இடத்தில் வைத்தீர்கள்” என்றார்.

கண்ணாடி மத்தியானமே வைக்கோல் பெட்டியில் ஏறிப் போய்விட்டது. தை மாதம் மேடத்திடமிருந்து சாருக்குக் கடிதம் வந்தது, நட்சத்திரம் நன்றாக மங்குகிறதாம்! பெர்மனென்ட் காகிதத்துக்குச் சார் பத்து நாள் காத்திருக்கவில்லை. மேடம் போன அன்றே கையெழுத்துப் போட்டு நீட்டினார். நான் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைப் பார்த்துச் சொன்னார்: “தாயம்மா, அடுத்த வருஷம் சாமியை வாசலோடு நிறுத்திவிட்டுத் தீபாராதனை காட்டுங்கள், உள்ளே இருக்கிறவற்றுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.”

பதினொரு வருஷம் அங்கே வேலை பார்த்தேன், பிள்ளைகள் படித்துப் பெரியவர்களாகி எனக்கே மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். வானத்துக்கும் இரத்தத்துக்கும் நான் செய்த சேவை ஒரு கீறலைத் தப்பித்தவறிச் சரியான இடத்தில் போட்டதுதான் என்பதால், உங்களிடம் கேட்பதும் அந்த அளவுக்கு ஒன்றே ஒன்றுதான்: உங்கள் கண்ணாடியைத் துடைப்பதற்கு முன் தயவுசெய்து ஒரு கை தண்ணீர் விட்டுக் கழுவிக்கொள்ளுங்கள்.